வெளிப்புற விறகு உலையைப் பேணுவதும் கண்காணிப்பதும்

ஒன்ராறியோவின் கிராமப்புறங்களில் இயற்கை எரிவாயுக் குழாய் எட்டாத வீடுகள் ஏராளம். அங்கே ப்ரொபேன், எண்ணெய், மின்சாரம் எதைக் கொண்டு சூடாக்கினாலும் கட்டணம் கையைக் கடிக்கும். ஆகையால் காணியில் மரம் உள்ளவர்கள் வீட்டுக்கு வெளியே ஒரு விறகு உலையை நிறுவி, அதன் சூட்டிலேயே குளிர்காலத்தைக் கடத்துகிறார்கள். ரொறன்ரோவை விட்டு விலகி இப்படியொரு வீட்டை வாங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, வீட்டோடு சேர்ந்து உலையும் வந்துவிடுகிறது. அதைப் பேணும் முறையோ பெரும்பாலும் விற்றவரோடு போய்விடுகிறது. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உலை என்று சொன்னாலும் உண்மையில் இது ஒரு நீர்க் கொதிகலன். தகரக் கொட்டில் போன்ற கூட்டுக்குள் உருக்கினால் ஆன எரியறையும், அதைச் சுற்றிலும் 500 முதல் 1,500 லீற்றர் வரை நீரும் இருக்கும். ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வரை சூடாகும் அந்த நீரை, நிலத்தடியில் பதித்த காப்புறையிட்ட பெக்ஸ் எனப்படும் பிளாஸ்ரிக் குழாய்கள் வழியாக ஒரு சுழற்சிப் பம்பு வீட்டுக்குள் கொண்டுவந்து, வெப்பமாற்றியில் சூட்டை இறக்கிவிட்டு, மீண்டும் உலைக்கே திருப்பி அனுப்புகிறது. நீரின் வெப்பநிலையைப் பார்த்து எரியறைக்கு விசிறியால் காற்றை விடுவதும் நிறுத்துவதும் அக்வாஸ்டாட் என்ற கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. பெரும்பாலான உலைகளில் நீர்த்தொட்டி ஒரு காற்றுக்குழாய் வழியாக வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். அந்தத் திறப்பு இருப்பதனால்தான் நீராவி அழுத்தம் உள்ளே சேர்வதில்லை. எக்காரணத்துக்காகவும் அதை அடைக்கவோ மூடியிட்டு இறுக்கவோ கூடாது.

இந்த உலைகள் பழுதாவது பெரும்பாலும் மிகுந்த தீயினால் அல்ல. ஈர விறகும், குறைந்த சூட்டில் மணிக்கணக்காகப் புகைந்துகொண்டே கிடக்கும் எரியறையும், ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாத நீருமே உருக்குச் சுவரை இரு பக்கத்திலிருந்தும் அரித்துத் துளையிடுகின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றைத் தடுப்பதற்கானது.

விறகு

பிளந்து அடுக்கிய விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே அதை எரிக்க வேண்டும். மேப்பிள், ஆஷ் போன்ற மரங்கள் பிளந்து வைத்த பின் ஓர் ஆண்டில் அந்த நிலைக்கு வரும். ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்படலாம். ஈர விறகும் எரியத்தானே செய்கிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 40 சதவீதம் ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 400 கிராம் நீர். அதை ஆவியாக்கவே ஏறக்குறைய ஒரு மெகாஜூல் வெப்பம் செலவாகும். எரியக்கூடிய மரமோ 600 கிராம் மட்டுமே. 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 14 மெகாஜூல் கிடைக்கும்போது இதிலிருந்து 10 மெகாஜூல் அளவே கிடைக்கும். வெப்ப இழப்பைவிடப் பெரிய தீங்கு, நீராவி எரியறையைக் குளிர்விப்பதால் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறி, சுவரிலும் புகைபோக்கியிலும் கிரியோசோட் என்ற தார்ப்பசையாகப் படிவதுதான்.

ஈரமானியை விறகின் வெட்டுமுகத்தில் குத்திப் பார்த்தால் எண் எப்போதும் குறைவாகவே காட்டும், ஏனெனில் முனைகள்தான் முதலில் காய்கின்றன. ஒரு துண்டை எடுத்துப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் ஊசிகளைப் பதித்துப் பாருங்கள். உறைந்த விறகில் ஊசிமுனை ஈரமானி சரியாக வேலை செய்யாது. தைமாதக் குளிரில் சோதிப்பதானால் துண்டை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். அடுக்கிய விறகின் மேல் மட்டும் கூரையோ படங்கோ இருந்தால் போதும். பக்கங்களையும் போர்த்தி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

வாங்கும்போது அளவைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒரு முழுக் கோர்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. ஊரில் பலர் விற்பது ஃபேஸ் கோர்ட், அதாவது அதே உயரமும் நீளமும் கொண்ட ஒற்றை வரிசை. 16 அங்குலத் துண்டுகளாக இருந்தால் அது முழுக் கோர்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான். மரகதப்பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டு 2002இல் வின்சர், டெட்ரோயிட் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர் தெற்கு ஒன்ராறியோ எங்கும் பரவியதால், பட்டுப்போய் நிற்கும் ஆஷ் மரங்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. நல்ல விறகுதான், ஆனால் பட்ட மரம் என்பதனாலேயே அது காய்ந்த மரம் ஆகிவிடாது. அதையும் பிளந்து சோதிக்கவே வேண்டும். தொலைவிலிருந்து விறகு கொண்டுவருவது அந்த வண்டையும் கூடவே கொண்டுவருவதாகும் என்பதால், அருகில் கிடைப்பதையே எரியுங்கள்.

வண்ணம் பூசிய பலகை, இரசாயனமேற்றிய மரம், ஒட்டுப்பலகை, பிளாஸ்ரிக், ரயர், வீட்டுக் குப்பை ஆகியவை எரியறைக்குள் போகவே கூடாது. அவற்றின் புகை நஞ்சு. அதில் உண்டாகும் அமிலம் உருக்கையும் தின்றுவிடும்.

கதவைத் திறப்பது

நாளாந்த வேலையில் மிக ஆபத்தான கணம் கதவைத் திறப்பதுதான். விசிறி நின்று, காற்றுவழி மூடி, தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில் எரியறை முழுவதும் எரியாத வாயு நிறைந்திருக்கும். கதவை ஒரேயடியாகத் திறந்தால், உள்ளே பாயும் காற்றோடு அந்த வாயு பற்றிக்கொண்டு தீப்பிழம்பாக வாசல் வழியே வெளியே வரும். எனவே முதலில் விசிறியின் ஆளியை நிறுத்துங்கள். புகையை நேரே புகைபோக்கிக்கு விடும் பைபாஸ் தகடு இருந்தால் அதைத் திறந்து சற்று நேரம் காத்திருங்கள். பிறகு கதவை இரு விரல் அகலம் மட்டும் திறந்து, முகத்தை விலக்கி, கதவின் பின்புறமாக நின்று, உள்ளே வாயு பற்றி அடங்கும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே முழுவதும் திறக்க வேண்டும். நைலோன் குளிரங்கி சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உலைக்குப் போகும்போது தடித்த பருத்தி அல்லது கம்பளி மேலாடையும், முழங்கை வரை வரும் தோல் கையுறையும் அணியுங்கள். வேலை முடிந்து கதவைத் தாழிட்டதும் பைபாஸை மூடி ஆளியைப் போட மறக்கலாகாது.

எவ்வளவு விறகு இடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எரியறை பெரிது என்பதால் அதை நிரப்பிவிடத் தோன்றும். ஆனால் வெளியே பூச்சியப் பாகை அளவில் மென்மையான குளிர் இருக்கும் நாளில் நிரப்பினால், வீட்டுக்கு அவ்வளவு சூடு தேவைப்படாமல் விசிறி மணிக்கணக்காக நின்றே கிடக்கும். அத்தனை விறகும் காற்றின்றிப் புகைந்து தார்ப்பசையாகும். அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு குளிர் என்று பார்த்து, அடுத்த முறை திறக்கும்போது நல்ல தணற்படுகை எஞ்சியிருக்கும் அளவுக்கே விறகிடுங்கள். ஐப்பசியிலும் பங்குனியிலும் கைப்பிடி விறகாக இரண்டு மூன்று முறை இடுவது சிரமந்தான். ஆயினும் உலையின் ஆயுளுக்கு அதுவே நல்லது.

வெப்பநிலை சொல்லும் செய்தி

உலையின் முகப்பிலுள்ள ஒற்றை வெப்பமானியை மட்டும் நம்பியிருப்பது போதாது. பல உலைகள் அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் அது பாரன்ஹீட்டில் இருக்கும்; 180 என்றால் 82 செல்சியஸ், 140 என்றால் 60 செல்சியஸ் என்று இரண்டையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், உலையிலிருந்து வெளியேறும் குழாயிலும் உலைக்குத் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானி வேண்டும். அவற்றுக்கிடையிலான வேறுபாடு, வீடு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை நேரடியாகச் சொல்கிறது: நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓடுகிறது என்பதை வேறுபாட்டுப் பாகையால் பெருக்கி, மீண்டும் 0.07 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். 30 லீற்றர் ஓட்டமும் 10 பாகை வேறுபாடும் இருந்தால் 21 கிலோவாட். வழக்கமாக வேறுபாடு 11 பாகை அளவுக்குள் இருக்கும். அது 15, 20 என்று ஏறத் தொடங்கினால் நீரோட்டம் குறைந்துவிட்டது: பம்பு தளர்ந்திருக்கலாம், வடிகட்டியிலோ தட்டு வெப்பமாற்றியிலோ கசடு அடைத்திருக்கலாம், குழாயில் காற்று சிக்கியிருக்கலாம்.

திரும்பி வரும் நீர் 60 பாகைக்குக் கீழே நெடுநேரம் இருக்க விடாதீர்கள். அவ்வளவு குளிர்ந்த நீர் எரியறைச் சுவரின் பின்னால் ஓடும்போது, உட்புறத்தில் புகையிலுள்ள நீராவி வியர்வைபோல் துளிர்த்து, சாம்பலோடும் தாரோடும் கலந்து சுவரை அரிக்கிறது. வீட்டுத் தரையைச் சூடாக்கும் அமைப்புள்ள வீடுகளில் இது அடிக்கடி நிகழும். திரும்பும் நீரோடு சூடான நீரைக் கலந்துவிடும் வெப்பக் கலவை வால்வு ஒன்றைத் திரும்பும் குழாயில் பொருத்தினால் தீரும்.

நிலத்தடிக் குழாயைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அதையும் வெப்பமானியே காட்டிக்கொடுக்கும். உலையை விட்டு வெளியேறும் நீருக்கும் வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே வரும் நீருக்கும் 30 மீற்றர் தூரத்தில் ஒரு பாகை அளவே குறைய வேண்டும். மூன்று நான்கு பாகை குறைந்தால் காப்புறைக்குள் நிலநீர் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். பனி கொட்டிய மறுநாள் காலையில் உலைக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் பனி மூடியிருக்க, குழாய் போகும் வழியில் மட்டும் ஒரு சாண் அகலத்தில் புல் தெரிந்தால், உங்கள் விறகு அங்கே நிலத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

தொலைவிலிருந்து கண்காணிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டிஎஸ்18பி20 என்ற சிறிய எண்ணிம உணரி 125 பாகை வரை அளக்கும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியோடு இணைத்தால் சமையலறையிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ வெப்பநிலையைப் பார்க்கலாம். உணரியை பெக்ஸ் குழாயின் மேல் கட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், ஏனெனில் பிளாஸ்ரிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பித்தளை இணைப்பொன்றின் மேல், வெப்பக் களிம்பு தடவி, இறுகக் கட்டி, அதன் மேல் காப்புறையும் சுற்றுங்கள். தகரக் கூடு கம்பியில்லா அலைகளைத் தடுப்பதால் வீட்டின் நிலவறையில், குழாய் உள்ளே நுழையும் இடத்தில் பொருத்துவதே எளிது. புகைபோக்கியின் சூட்டை அளக்க இந்த உணரி தாங்காது. அதற்கு மிகுந்த சூட்டையும் தாங்கி அளக்கும் கே வகை வெப்ப இணை என்ற உலோகக் கம்பி உணரி வேண்டும். கீழெல்லைக்கு 60, மேலெல்லைக்கு 93 என்று எச்சரிக்கை வைத்தால் போதுமானது.

எண்களைப் பார்ப்பதோடு, அவற்றைச் சேர்த்து வாசிக்கவும் பழக வேண்டும். விசிறி ஓடிக்கொண்டே இருக்க நீரின் சூடு இறங்கினால், தீ அணைந்திருக்கும், அல்லது கட்டைகள் ஒன்றையொன்று தாங்கிப் பாலம்போல் நின்றுவிட, கீழே தணல் தனியே எரிந்து தீர்ந்திருக்கும். கம்பியால் குத்தி இறக்கிவிட வேண்டும். சூடு இறங்கியும் விசிறி ஓடாதிருந்தால் மின்சாரத்தையும், நீர்மட்டம் குறைந்தால் துண்டிக்கும் ஆளியையும், அக்வாஸ்டாட்டையும் பாருங்கள். விசிறி நின்ற பின்னும் சூடு ஏறிக்கொண்டே போனால் எங்கோ காற்றுக் கசிகிறது: காற்றுத் தகட்டின் விளிம்பில் ஒரு மரப்பட்டைத் துண்டு சிக்கியிருக்கலாம், அல்லது கதவின் அடைப்புக் கயிறு தேய்ந்திருக்கலாம். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்துத் தாழிட்டு இழுத்துப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அடைப்பு போதவில்லை. கதவின் கீழ்விளிம்பில் கறுப்புத் துளிகள் வடிந்து உறைந்திருப்பதும் அதே குறையைச் சொல்லும்.

நீர்

விறகைப் பற்றிக் கவலைப்படுபவர்களில் பலர் நீரைப் பற்றி நினைப்பதே இல்லை. உலை துளைப்பட்டு நீர் ஒழுகத் தொடங்கும்போதுதான் நினைக்கிறார்கள். அப்போது வெல்டிங் செய்து துளையை அடைப்பதைத் தவிர வழியிருக்காது, அதுவும் நெடுநாள் நிற்காது. தயாரிப்பாளர் சொல்லும் அரிப்புத் தடுப்பு மருந்தை நீரில் உரிய அளவில் கலந்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும், பருவம் தொடங்கு முன்னும் முடிந்த பின்னுமாக இருமுறை செய்தால் இன்னும் நல்லது, மருந்தின் செறிவையும், நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் அளவையும் சோதிக்க வேண்டும். நீர் சற்றுக் காரத்தன்மையோடு இருக்க வேண்டும். சரியான எல்லையை அந்த மருந்துக்குரிய கையேடே சொல்லும். இரு வேறு நிறுவனங்களின் மருந்துகளை ஒன்றோடொன்று கலக்காதீர்கள். மருந்து இட்ட பின் சில நாள் நீர் சுழன்று கலந்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

தொட்டி திறந்திருப்பதால் சிறிதளவு நீர் ஆவியாகப் போவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறை புதுநீர் சேர்க்கும்போதும் அதோடு ஒட்சிசனும் கனிமங்களும் உள்ளே போகின்றன, மருந்தும் நீர்த்துப்போகிறது. எப்போது எவ்வளவு சேர்த்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போதுமாயிருந்த இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் எங்கோ கசிவு இருக்கிறது. புதிதாக நிரப்பிய உலையை உடனே 80 பாகைக்கு மேல் சூடாக்கினால் கரைந்திருக்கும் ஒட்சிசன் வெளியேறிவிடும். தீ எரிந்துகொண்டிருக்கையில் நீர்மட்டம் எரியறையின் மேற்பகுதி வெளியே தெரியும் அளவுக்கு இறங்கிவிட்டால், பதற்றத்தில் குளிர்நீரைப் பாய்ச்சக் கூடாது. சுட்டெரியும் உருக்கில் நீர் பட்டால் அது ஒரே கணத்தில் ஆவியாகும், உருக்குச் சுவரும் வெடித்துப் பிளக்கும். காற்றை அடைத்து, தீ தணிந்து, உலை ஆறிய பின்பே நிரப்ப வேண்டும்.

சாம்பலும் தாரும்

சாம்பலை முற்றாக வழித்தெடுக்கத் தேவையில்லை. தணற்படுகைக்கு அடியில் கொஞ்சம் இருப்பது தீயை நிலைநிறுத்தும். மூலைகளிலும் சுவரோரங்களிலும் ஒட்டிக் கெட்டியாகும் சாம்பலைத்தான் வாரத்துக்கு ஒருமுறையாவது சுரண்ட வேண்டும், ஏனெனில் ஈரம் பட்ட சாம்பல் உருக்கோடு ஒட்டியே கிடந்து அதை அரிக்கும். எடுத்த சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, மரத்தளத்திலோ விறகடுக்கின் அருகிலோ வைக்காமல், வெறும் நிலத்திலோ சீமெந்திலோ வையுங்கள். வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும்.

புகைபோக்கிக்குள் மின்விளக்கைப் பாய்ச்சிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக உதிர்வது தூரிகையால் போய்விடும். கண்ணாடி பூசியதுபோல் பளபளக்கும் கறுப்புப் படிவமோ எளிதில் பற்றக்கூடியது. அது இருந்தால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது உலை அளவுக்கு மீறிப் புகைகிறது என்று பொருள். புகைபோக்கியின் தலையில் பொறி தடுக்கும் வலை இருந்தால் கடுங்குளிரில் அது தாராலும் பனியாலும் அடைபடலாம். விறகிலிருந்து கிளம்பும் வாயுவைத் தனியே எரிக்கும் வாயுவாக்கும் வகை உலைகளில் வெப்பமாற்றிக் குழாய்களைத் துலக்கும் நெம்புகோல் இருக்கும். அதை ஒவ்வொரு முறை விறகிடும்போதும் அசைத்துவிடுங்கள். அதே சுமைக்குப் புகைபோக்கியின் சூடு வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்தக் குழாய்களில் கரி படிந்து, வீட்டுக்கு வரவேண்டிய வெப்பம் வானத்துக்குப் போகிறது.

அயலாரும் சட்டமும்

இந்த உலைகளின் புகைபோக்கி குட்டையானது, புகையும் தாழவே தவழும். அமெரிக்காவில் 2020 மே 15 முதல் விற்கப்படும் உலைகள், வெளிவிடும் ஒவ்வொரு மில்லியன் பிரித்தானிய வெப்ப அலகுக்கும் 0.10 இறாத்தலுக்கு மேல் நுண்துகள் கக்கக் கூடாது. நியூயோர்க் மாநிலம் புதிய உலைகளுக்கு 18 அடிப் புகைபோக்கியையும் எல்லையிலிருந்து 100 அடித் தூரத்தையும் விதித்திருக்கிறது. ஒன்ராறியோவில் விதிகள் நகராட்சிக்கு நகராட்சி மாறுபடுவதால் உங்கள் நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக, விறகுச் சூடாக்கிகளைப் பரிசோதிப்பதற்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற ஒருவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும். சட்டம் என்ன சொன்னாலும், பக்கத்து வீட்டில் ஒரு குழந்தையோ மூச்சிரைப்புள்ள முதியவரோ இருக்கிறார் என்பதே நன்றாக எரிப்பதற்குப் போதிய காரணம். வீட்டுக்குள்ளும் புகை வரக்கூடும். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைகளுக்கு அருகில் பொருத்துங்கள்.

மின்சாரம் போனால்

1998 தையில் கிழக்கு ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் தாக்கிய உறைமழைப் புயலில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லாத வீடுகள் இருந்தன. பம்பு நின்றால் உலையில் தேங்கிய நீர் கொதிக்கத் தொடங்கும். தீயும் அணைந்துபோனால் குழாய்கள் உறையும். மின்சாரம் போனவுடன் காற்றுவழி மூடியிருப்பதை உறுதிசெய்து, புதிதாக விறகிடாதீர்கள். சுழற்சிப் பம்பு பெரும்பாலும் 100 வாட் அளவே எடுப்பதால், சிறிய மின்பிறப்பாக்கியோ பற்றரியும் இன்வேட்டரும் சேர்ந்த அமைப்போ போதும். அதைக் கார்த்திகைக்கு முன்னரே ஒருமுறை இணைத்து ஓட்டிப் பாருங்கள். குளிர்காலத்தில் பல நாள் வெளியூர் போவதானால், தீ அணைந்தாலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும். நீர் ஓடும்வரை வீட்டின் சூடே குழாய்களை உறையாமல் காக்கும். வீட்டுக்குள் மாற்றுச் சூடாக்கி இயங்குவது இதற்கு அவசியம்.

பருவம் முடிந்த பின்

சித்திரையில் கடைசித் தீ ஆறியதும் அன்றே வேலையைத் தொடங்குங்கள், ஏனெனில் கோடையின் ஈரக்காற்றில் பழைய சாம்பலும் தாரும் செய்யும் கேடு குளிர்காலத்துத் தீ செய்வதைவிட அதிகம். சாம்பலை முற்றாக அகற்றி, சுவர்களை உருக்குத் தெரியும்வரை சுரண்டி, புகைபோக்கியைத் துலக்கி, மழை இறங்காதபடி அதன் வாயை மூடி, கதவையும் அடையுங்கள். நீரை வெளியேற்ற வேண்டாம். மருந்து கலந்த நீர் நிறைந்திருக்கும்போது உட்சுவரில் காற்றுப் படாது. பம்பு இறுகிப்போகாமலிருக்க மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடம் ஓட்டுங்கள். அடைப்புக் கயிறு, விசிறி, நீர்மாதிரிச் சோதனை ஆகியவற்றை ஆவணிக்குள் முடித்துவிட்டால், குறை ஏதும் தெரிந்தாலும் உதிரிப்பாகம் வந்து சேர நாளிருக்கும். அடுத்த ஆண்டுக்கு அல்ல, அதற்கும் அடுத்த ஆண்டுக்கான ஓக் விறகைப் பிளந்து அடுக்க வேண்டியதும் இந்த மாதங்களில்தான்.